குழாய் இருக்கு சார்

இன்னும் இருபத்திரண்டு நிமிஷம். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைக்கிற இந்த இடத்திலிருந்து படம் முடிகிற வரைக்கும் இருபத்திரண்டு நிமிஷம், எடிட்டிங் அறையில் முப்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். டாக்டர் துடைத்துவிட்டார், மாட்டிக்கொண்டார், தலைகீழாக மாட்டிக்கொண்டார், தியேட்டர் சிரிக்கிறது. என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சவரி அண்ணன் சிரிக்கவில்லை. சிரிக்காமலும் இல்லை, உதடு கொஞ்சம் விரிந்தமாதிரி இருக்கிறது, திரை வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதோ என்னவோ. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் அவனுடைய கைதான் தெரிகிறது, நாற்காலிக் கையின்மேல் மல்லாந்து கிடக்கிற கை, வேலை பார்க்கிற செடி நர்சரியின் மண் நகக்கண்ணில் ஏறிய கை. இந்தத் தியேட்டரில் முந்நூறு பேராவது இருப்பார்கள். திரையில் குடத்தோடு திரிகிற பொன்னுரங்கம் என்கிற பைத்தியக்காரன் நிஜத்தில் யார் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவனுக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும். முதல் காட்சியிலேயே பச்சைக் குடம் வந்துவிட்டதே. அதற்கும் முன்னால் டைட்டிலில் வசனம் லூர்துமேரி என்று வந்தபோது என் பேரை எழுத்து எழுத்தாக வாய்க்குள் படித்தான், திரும்பி என்னைப் பார்த்து, "பேரப் பெருசாத்தான் போட்டுருக்காங்க" என்றான், அதில் எவ்வளவு சந்தோஷம். அப்புறம் குடம் வந்தது. அப்புறம் இடைவேளை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. இடைவேளையில் எழுந்துபோய் இரண்டு சமோசா வாங்கிவந்து எனக்கு ஒன்று கொடுத்தான், சட்டைப் பையிலிருந்து மத்தியான மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான், "படத்துல தங்கச்சியவே காணோமே" என்றான். அவ்வளவுதான். நான் சமோசாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விரல் வழியே இறங்கி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

நானாகக் கூட்டிவரவில்லை. அப்படிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் நானாகக் கூட்டிவரவில்லை. சென்னையிலிருந்து போன வாரம் ஊருக்கு வந்தபோது அவன்தான் கேட்டான். நர்சரி முதலாளியின் மகள் பேப்பரில் பார்த்துச் சொன்னாளாம். "நீ எழுதுன படம் ஓடுதாமே, ஏன் சொல்லல, கூட்டிட்டுப் போ." எங்கள் ஊர்த் தியேட்டரிலேயே ஓடுகிறது. அங்கே வேண்டாம், சீட்டு நல்லா இருக்காது, மதுரைக்குப் போவோம் என்றேன். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, துவைத்து மடித்த சட்டையின் மடிப்புக் கலையாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வந்தான். எங்கள் ஊர்த் தியேட்டரில் யாராவது திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். அந்தப் பயத்தைக்கூட நான் அவனுக்காகப் பட்டேனா எனக்காகப் பட்டேனா.

இப்போது ஆஸ்பத்திரி வார்டு. பொன்னுரங்கத்தோடு இருக்கிற ஐந்து பேரும் பைத்தியம் இல்லை, ஒவ்வொருவனும் ஒவ்வொரு உண்மையைச் சொல்லி மாட்டியவன், அதுதான் தமாஷ். ஒருத்தன் பாலத்துக்கு அடியில் ஆறு இல்லை என்று சொன்னவன். ஒருத்தன் செத்துப்போன மாமனார் ஓட்டுப் போட்டதைப் பார்த்தவன். எல்லாம் நான் எழுதியது. பின்சீட்டில் ஒரு ஆள் இருக்கிறான், இரண்டாம் தடவை பார்க்கிறான் போல, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலேயே பெண்டாட்டியிடம் "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்கிறான். அவன் முடிவைச் சொல்லிவிடுவான். இதோ இப்போது சொல்லிவிடுவான். நிஜ வார்டு இப்படி இல்லை. ஒரு தடவைதான் உள்ளே விட்டார்கள், நீளமான ஷெட், தரை கழுவின ஈரம், பினாயில், அண்ணனுக்கு மொட்டை அடித்திருந்தார்கள், நாக்கு தடித்துப்போய் என் பேரை லூது என்று சொன்னான். அதை நான் படத்தில் வைக்கவில்லை. அதை வைக்காமல் விட்டதை ஒரு நல்ல காரியம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய். எல்லாம் ஒரு குழாய். எங்கள் ஊர் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தான் சவரி அண்ணன். அப்போது அவனுக்கு முப்பத்துமூன்று வயசு, எனக்கு இருபத்துநாலு. பள்ளிக்கூடத் தெருவில் பதினாலு குழாய் போட்டதாக ரிஜிஸ்டர் சொன்னது. அண்ணன் போய் எண்ணினான், பதின்மூன்றுதான் இருந்தது. பதினாலாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் சுவர். அதிகாரியிடம் சொன்னான், எழுதிக் கொடுத்தான், கலெக்டருக்கு மனு அனுப்பினான். "சவரி, குழாய் இருக்குன்னு எழுதியிருக்குல்ல, அப்ப இருக்கு, விடு" என்றார்கள். அவன் விடவில்லை. ஒருநாள் காலையில் அம்மாவின் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றான். போகிறவர்கள் என்ன நிக்கிற என்று கேட்டால், "பதினாலாம் நம்பர் குழாயில தண்ணி புடிக்க" என்பான். ஆபீஸ் நேரம் வந்ததும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். மறுநாளும் போனான். பத்தொன்பது நாள் போனான். முதல் இரண்டு நாள் ஜனங்கள் ரசித்தார்கள், நல்லாக் கேக்குறான்யா என்றார்கள். நாலாம் நாள் பையன்கள் கல் விட்டார்கள். பத்தாம் நாள் தெருவே சொன்னது, சவரிக்கு மூளை கலங்கிப்போச்சு, இல்லாத குழாயில தண்ணி புடிக்கிறான். அவன் எதைக் காட்ட நின்றானோ அது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தவர்கள்தான் சிரித்தார்கள். இதை வெட்டி ஒட்டி முதல் பாதி ஆக்கிவிட்டேன், சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, சிரிப்பு வரும் இடங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டு.

பதினெட்டு நிமிஷம் இருக்கும். "அண்ணே" என்றேன். "ம்." "போவமா? அஞ்சு மணி பஸ்ஸ விட்டா கூட்டமாயிரும்." அவன் திரும்பவில்லை. "முடிவு பாக்காமலா?" என்றான். "முடிவு ஒண்ணும் பெருசா இல்லண்ணே." "நீ எழுதுனதுதானே, பாத்துட்டே போவோம்." முன் வரிசையில் இருந்த அம்மா திரும்பி எங்களை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். வயிறு வலிக்குது என்று சொல்லலாம். மயக்கம் வருது என்று சரிந்து விழலாம். விழுந்தால் தூக்கிக்கொண்டு வெளியே போவான், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், சின்ன வயசில் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். அந்த அன்பைக்கூட இந்தப் பதினெட்டு நிமிஷத்தைத் தாண்டப் பயன்படுத்திக்கொள்ள யோசிக்கிறேன். பாத்துட்டு அவனுக்கு ஏதாவது ஆயிட்டா? மறுபடியும் ஏதாவது... மறுபடியுமா? மறுபடியும் என்றா நினைத்தேன்? எது மறுபடியும்? எது ஒரு தடவையாவது ஆகியிருந்தது, மறுபடி ஆவதற்கு? எனக்கே அந்த வார்த்தை வருகிறது. எனக்கு, எல்லாம் தெரிந்த எனக்கு.

கையெழுத்து நான்தான் போட்டேன். படத்தில் தொப்பை வைத்த மச்சான் ஒருத்தன் போடுகிறான், பேனாவில் மை இல்லாமல் நாக்கில் தொட்டுத் தொட்டுப் போடுகிறான், அந்த இடத்தில் சிரிப்பு இடைவேளை வரைக்கும் அடங்கவில்லை. நிஜத்தில் நீல மை நன்றாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்திருந்தார். அண்ணன் ரிஜிஸ்டரைக் கிழித்ததாக ஆபீஸில் புகார் கொடுத்திருந்தார்கள், பொய்ப் புகார். "கேஸ் போட்டா உள்ள போயிருவான், வேலையும் போயிரும். மூளை சரியில்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டீங்கன்னா நாங்க விட்டுருவோம், யோசிங்க" என்று காப்பியைக் குடித்தார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் விழுந்து கிடந்தாள். போடியிலிருந்து வந்திருந்த மாமா, "ஜெயிலுக்கு இது தேவல, நாலு நாள் ஓய்வுன்னு நெனச்சுக்க" என்றார். மலையடிவாரத்தில் இருந்தது அந்த மனநோய் விடுதி. அங்கே சேர்க்கிற ஃபாரத்தை நீட்டினவர் அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு இருக்கே, நீ போடும்மா" என்றார். படித்த பொண்ணு படித்தேன். எல்லா வரியும் படித்தேன். இல்லாத குழாய் ஒன்று இருப்பதாக நம்பி, மேற்படியார் தினமும் குடத்துடன் நிற்கிறார் என்று இருந்தது. இல்லை என்று சொன்னவன் அவன். இருக்கிறது என்று சொன்னவர்கள் அவர்கள். ஒரே ஒரு வாக்கியம், அப்படியே புரட்டிப் போட்டிருந்தார்கள், படத்திலும் அந்த ஃபாரத்தை அப்படியே வைத்திருக்கிறேன். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பேனா முனை அந்த வரியில் நின்றது, ஒரு புள்ளி மை ஊறிப் பெரிசாகிற அளவுக்கு நின்றது. அண்ணன் வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான், ஏதோ பரிசோதனை என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தோம். நான் கையெழுத்துப் போட்டேன். பயத்தில் போட்டேன். அவனுக்காகப் பயந்தேன் என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, அதைச் சொன்னதில்லை. பத்தொன்பது நாளாகத் தெருவில் தலை காட்ட முடியவில்லையே என்ற எரிச்சல். கடைக்குப் போனால் குழாய்க்காரன் தங்கச்சி என்றார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் பேனாவைத் தள்ளியது.

நாலு நாள் ஏழு மாசமானது. வேன் ஊருக்குள் வருகிறது, திரையில், பேண்டு சத்தம் கேட்கிறது, பின்சீட்டு ஆள் பெண்டாட்டியின் தோளைத் தட்டுகிறான். வந்துவிட்டது. பொன்னுரங்கம் விடுதலையாகி வருகிறான், தெருவெல்லாம் தோரணம், சீரியல் பல்பு, மைக் செட். வெறும் சுவருக்கு முன்னால் ரிப்பன் கட்டியிருக்கிறது. மந்திரி வந்து கத்தரிக்கோலால் வெட்டுகிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள், சுவரில் ஒன்றும் இல்லை. ஜனங்கள் வரிசையாக நின்று ஒன்றுமில்லாத இடத்தில் குடத்தைப் பிடிக்கிறார்கள், நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைக்கிறார்கள், பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்தச் சாய்ந்த நடையைச் சொல்லிக்கொடுத்தது நான், ஷூட்டிங்கில் நாற்பது பெண்களுக்கு முன்னால் இடுப்பில் காலிக் குடத்தோடு நடந்து காட்டினேன். "தெரிஞ்சு போச்சா, ஊரே பைத்தியம்" என்கிறான் பின்சீட்டு ஆள், "இப்ப அவனும் சேந்துருவான் பாரேன்." சொல்லிவிட்டான். பாவி சொல்லிவிட்டான். அண்ணனின் கை புரண்டு நாற்காலிக் கையைப் பிடித்தது.

இந்த முடிவு முதலில் இல்லை. முதலில் நான் எழுதியதில் பொன்னுரங்கம் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு, இல்லைன்னா இல்லைதான்யா என்று கத்துவான். டைரக்டர் கிருபாகருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம், ஆறு ஆம்பளைகளும் நானும், டீ ஆறிக்கொண்டிருக்கிறது, கிருபாகர் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறார், "இது பிரசங்கம்மா, சிரிச்சிட்டு வந்தவன் அழுதுட்டுப் போவான், எனக்குச் சிரிச்சிக்கிட்டே குத்தணும்" என்கிறார். இரண்டு மாசமாக அந்த அறையில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அப்போது வாயில் வந்தது. வந்தது என்று சொன்னால் பொய், எடுத்தேன். விடுதியிலிருந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்த அன்று, வத்தலகுண்டு தாண்டியதும், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அவன் எனக்கு மட்டும் சொன்னது. ஒவ்வொரு மாசமும் டாக்டர் கேப்பாரு லூர்து, குழாய் இருக்கா இல்லையான்னு. இல்லைன்னு சொன்னா மாத்திரையக் கூட்டுவாரு. போன வாரம், குழாய் இருக்கு சார், நானே பாத்தேன், தண்ணி நல்லா வருதுன்னு சொல்லிட்டேன். அவரு தட்டிக் கொடுத்தாரு. விட்டுட்டாங்க. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, யாருகிட்டயும் சொல்லாத என்றான். பத்தொன்பது நாள் வெயிலில் நின்றவன் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் வெட்கப்பட்டான். அதை எடுத்து அந்த அறையில் வைத்தேன். குழாய் இருக்கு சார், நானே பாத்தேன், தண்ணி நல்லா வருது. பந்து கீழே விழுந்தது. கிருபாகர் எழுந்து நின்று, "இதாம்மா! இதாம்மா க்ளைமாக்ஸ்!" என்று கத்தினார், ஆறு பேரும் கை தட்டினார்கள், யாரோ எனக்குப் புது டீ கொண்டுவரச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை. காது மடலெல்லாம் சூடாகி, பறக்கிறமாதிரி, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்கு போன் பண்ணி, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

பொன்னுரங்கம் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறான். வரிசை முழுக்கத் திரும்பி அவனைப் பார்க்கிறது. பேண்டு நிற்கிறது. மந்திரி கேட்கிறார், "என்னப்பா, குழாய் தெரியுதா?" நடிகரின் முகம் திரை முழுக்க, எவ்வளவு நல்ல நடிகர், கண் மட்டும் சுவரைத் தடவித் தடவித் தேடுகிறது. ஒன்பது நொடி மௌனம் வைத்திருக்கிறோம். ஒன்பது நொடியும் நான் மூச்சு விடவில்லை. என்னமோ இந்த ஒரு ஷோவில் மட்டும் அந்த நடிகர் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று, படச்சுருள் அறுந்துவிடாதா என்று, இப்போது சுருளே கிடையாது என்றுகூடத் தெரிந்துகொண்டு, கரண்டு போகட்டும், தீப்பிடிக்கட்டும், மாதாவே. அவர் சொல்லிவிட்டார். குழாய் இருக்கு சார். நானே பாத்தேன். தண்ணி நல்லா வருது. அண்ணன் எந்தத் தொனியில் சொன்னானோ அதே தொனி, நல்லாவில் கொஞ்சம் அழுத்தம், டப்பிங்கில் நானே உட்கார்ந்து பதினோரு தடவை சொல்லவைத்து வாங்கின தொனி. தியேட்டர் ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் வெடித்தது. விசில், கைதட்டு, பின்சீட்டு ஆள் நாற்காலியில் குத்துகிறான், ஒரு குழந்தைகூட அம்மா சிரிக்கிறாள் என்று சேர்ந்து சிரிக்கிறது. பொன்னுரங்கம் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றி ஒரு பக்கம் சாய்ந்து ஊரோடு நடந்து போகிறான். பேண்டு. பேர்கள் மேலே ஏறுகின்றன.

விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து, சேலையை உதறி, பைகளைத் தேடி, பொன்னுரங்கம் மாதிரிச் சாய்ந்து நடந்து காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். நாங்கள் இருவரும் கால்களை ஒதுக்கி வழி விட்டோம். கடைசி ஆளும் போன பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுவான் என்று நினைத்தேன், அடிப்பான் என்று நினைத்தேன், அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். "அண்ணே, அந்தக் கடைசி வசனம்..." என்று ஆரம்பித்தேன். "அது கெடக்கு" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வேற ஒண்ணு கேக்கணும். அந்த ஃபாரத்துல மாத்தி எழுதியிருக்குன்னு வருதுல்ல, இல்லைன்னு சொன்னவன இருக்குன்னு சொன்னான்னு. அது நெசமாவே அப்படித்தான் இருந்துச்சா? இல்ல, கதைக்காக இப்ப வெச்சியா?"

ஒரு வார்த்தை போதும். கதைக்காக வெச்சதுண்ணே. அவ்வளவுதான். அவன் தலையாட்டியிருப்பான், நாங்கள் இருவரும் பஸ் ஏறியிருப்போம், நான் அடுத்த மாசமும் வந்திருப்பேன், அவன் ரோஜாப்பதியன் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருப்பான். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, சின்னப்பொண்ணு, பெரியவர்கள் சொன்ன இடத்தில் போட்டாள். அந்த வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. வசனம் எழுதுகிறவளுக்கு வராதா? "நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா போட்ட?"

"படிச்சிட்டுத்தான் போட்டேன். மாத்தி எழுதியிருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். உனக்கு ஒண்ணுமே இல்லண்ணே. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

பின்னால் பெருக்குகிற அம்மா ஒவ்வொரு வரிசையாகப் பாப்கார்ன் டப்பாக்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்புறம் அண்ணன், என்னிடம் சொல்கிறமாதிரி இல்லாமல், "நான் வேற மாதிரில்ல நெனச்சிருந்தேன்" என்றான். "மாமா போட்டிருந்தா, அம்மா போட்டிருந்தா, சரி, அவங்களுக்கு என்ன தெரியும்னு விட்டிருப்பேன். லூர்து போட்டிருக்கான்னு டாக்டர் ஃபாரத்தக் காட்டுனாரு. லூர்து பொய் சொல்ல மாட்டாளே. அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்." கையைத் தூக்கி முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தான். "அதுலருந்து எதையும் நம்புறதில்ல. காலைல எந்திரிச்சா மழை பெய்ஞ்சிருக்கும், தரையெல்லாம் ஈரமா இருக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டுல போயி, மழை பெய்ஞ்சுச்சுல்லன்னு கேட்டுக்குவேன். அவங்க ஆமான்னு சொன்னாத்தான். செடி பூத்தா முதலாளிகிட்ட பூத்திருக்குல்லன்னு கேப்பேன். பன்னெண்டு வருஷம்."

எனக்கு அது தெரியும். அவன் அப்படிக் கேட்பது எனக்குத் தெரியும். போனில்கூடக் கேட்பான், அங்க வெயிலா இருக்குல்ல, நேத்துத்தானே ஞாயித்துக்கிழமை, நீ போன மாசம் வந்தேல்ல. பேச்சுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். தனியாக இருக்கிறவன், பேச ஆள் இல்லை, எதையாவது கேட்கிறான் என்று நினைத்து, ஆமாண்ணே ஆமாண்ணே என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை ஆமா சொல்லாமல் விட்டேன்? அன்றைக்கெல்லாம் அவன் என்ன செய்தான்? யாரிடம் போய்க் கேட்டான்? "அண்ணே" என்றேன், மன்னிச்சிரு என்கிற வார்த்தை வாய்க்குள் வசனம்போல இருந்தது, எத்தனை படத்தில் எழுதியிருக்கிறேன், அதைச் சொல்ல நாக்கூசியது. அவன் கையைத் தொடப் போனேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். கோபமாக எடுக்கவில்லை. சூடு பட்டமாதிரி எடுத்தான்.

"அம்மா, அடுத்த ஷோவுக்குக் கதவு தெறக்கணும், எந்திரிங்க" என்றாள் பெருக்குகிறவள். அண்ணன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். "திடீர்னு நிறுத்தக் கூடாதாம், அந்த டாக்டர் சொல்லியிருக்காரு" என்றான், "வேற நல்ல டாக்டரா பாத்துக் கேக்கணும். நானே போயிக் கேக்குறேன்." படிகளில் எனக்கு முன்னால் ஏறினான். வாசலில் அடுத்த ஷோவுக்கு வந்த கூட்டம் நெருக்கியது, அதற்குள் புகுந்து வெளியே வந்து போஸ்டருக்குக் கீழே நின்றோம். சாயங்கால வெயிலும் தூறலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. "லூர்து, நீ மெட்ராஸ் பஸ்ஸப் புடிச்சுப் போ" என்றான். "வீட்டுல கெடக்குற உன் பைய கண்டக்டர்ட்ட குடுத்து விடுறேன். கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வராத. நானா கூப்புடுறேன்." "எப்பண்ணே?" "தெரியல" என்றான். "பொய் சொல்லக் கூடாதுல்ல. தெரியல."

அவன் சாலை ஓரத்துக்குப் போனான். உள்ளங்கையை நீட்டினான். அதில் விழுந்த துளிகளைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். பக்கத்தில் குடை விரித்துக்கொண்டிருந்த ஒருத்தர் அவனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து போனான்.